மறுநாளும் நின்ற உலக்கை

எங்கள் அம்மா வீட்டு உலக்கைக்கு என்னைவிட வயது அதிகம். மதுரையிலிருந்து நத்தம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். மிக்ஸி வந்த பிறகு உலக்கைக்கு அங்கே பெரிய சோலி கிடையாது. கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்க, பெண் பிள்ளை பெரியவளானால் குறுக்கே போட, அப்புறம் கிரகணத்துக்கு நிறுத்தி வைக்க. மற்ற நாளெல்லாம் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கும்.

கிரகணத்துக்கு உலக்கை நிறுத்துவதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையைச் செங்குத்தாக வைத்துக் கையை எடுத்தால், கிரகணம் பிடித்திருக்கிற நேரம் முழுக்க அது யாரும் பிடிக்காமல் நிற்கும். கிரகணம் விட்டதும் விழுந்துவிடும். கடிகாரம் இல்லாத காலத்தில் இப்படித்தான் நேரம் பார்த்தார்கள் என்பார் அம்மா.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. மார்கழி அமாவாசை. வளையக் கிரகணம் கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போன நாள். எங்கள் ஊர் அந்தப் பாதைக்குள்ளேயே இருந்தது. அரையாண்டு லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் அப்போது எட்டாம் வகுப்பு. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நான் மதுரையிலிருந்து கிரகணக் கண்ணாடி இரண்டு வாங்கிப் போயிருந்தேன்.

எட்டு மணிக்கு மேல் பிடிக்கத் தொடங்கியது. ஒன்பதரை வாக்கில் வளையம். வெயில் இருக்கிறது, ஆனால் சூடு இல்லை. வெளிச்சம் இருக்கிறது, ஆனால் யாரோ வடிகட்டிவிட்டது போல. பாப்பா அடுப்படியிலிருந்து சல்லடையை எடுத்து வந்து வெயிலில் பிடித்தாள். சிமெண்டுத் தரையில் நூறு குட்டி வளையங்கள் விழுந்தன. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியன். கிரகணத்தன்று வாசல் தாண்டாத அம்மா நிலைப்படியில் நின்றபடியே அதை எட்டிப் பார்த்து, "வளையல் கடை கணக்கா இருக்கு" என்றார். அன்றைய நாளின் மிக அழகான காட்சி அதுதான். ஆனால் தெருவே கூடியது அதைப் பார்க்க இல்லை. கூடத்தில் நின்றுகொண்டிருந்த உலக்கையைப் பார்க்க.

பாப்பா உள்ளே வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "மாமா, நீங்க ஃபிசிக்ஸ்தான படிச்சீங்க? இது ஏன் நிக்குது?"

நான் படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். மதுரையில்தான். படித்து முடித்து மோட்டார் பம்பு விற்கும் கடையில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றாலும், இப்படி யாராவது கேட்டால் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றேன்.

"நிக்குதே மாமா. கண்ணு முன்னாடி நிக்குது. இதுல நம்பிக்கை எங்க இருக்கு?"

அவள் சொன்னது சரி. நிற்கிறது என்பது நம்பிக்கை இல்லை, பார்வை. கிரகணத்தால் நிற்கிறது என்பதுதான் நம்பிக்கை. இந்த வித்தியாசத்தை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொல்லவில்லை, எனக்கே அப்போது தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து நாலைந்து கிரகணத்துக்கு அந்த உலக்கை நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதைத் தொட்டு நிறுத்திப் பார்த்ததில்லை. நம்புகிறவர்களாவது ஒவ்வொரு கிரகணத்துக்கும் நிறுத்திப் பார்த்தார்கள். நம்பாத நான் அதைக்கூடச் செய்யவில்லை.

பதினொன்றே காலுக்குக் கிரகணம் விட்டது. உலக்கை விழவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போய் அதை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். "எடுக்கலைன்னா விழுந்து பிள்ளைக காலை ஒடச்சுப்புடும்ல?" என்றார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் எடுப்பாராம். எனக்கு அது உறைக்கவில்லை. பாப்பாவுக்கு உறைத்தது. "அப்ப அது விழுந்து யாருமே பாத்ததில்லையா அம்மாச்சி?" அம்மா பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை கூடத்தில் 'டொம்' என்று சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டொம்'. எழுந்து போய்ப் பார்த்தால் பாப்பா தாம்பாளமும் தண்ணீருமாக உட்கார்ந்திருக்கிறாள். அரை மணி நேரம் போராடியிருப்பாள். நின்றது. கிரகணம் இல்லை, அமாவாசை இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளிக்கிழமை. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் தாம்பாளத்தில் வைத்தாள். அதிலும் நின்றது.

நான் கைதட்டினேன். அம்மா அசரவில்லை. "நேத்து ஒரே தடவையில நின்னுச்சு. நீ எத்தனை தடவை கீழ போட்ட? அக்கம்பக்கமெல்லாம் முழிச்சுருச்சு."

"நேத்து ஒரே தடவையில நிக்கல, அஞ்சாறு தடவை ஆச்சு" என்றேன் நான்.

"நீ வாசல்ல கண்ணாடியப் போட்டுக்கிட்டு நின்ன. உனக்கு என்ன தெரியும்?"

யார் சொல்வது சரி என்பதற்கு எதுவும் இல்லை. யாரும் எண்ணவில்லை. அம்மாவுக்கு ஒன்று என்று ஞாபகம், எனக்கு ஐந்தாறு என்று ஞாபகம். அவரவருக்கு எது தோதோ அது அவரவர் ஞாபகத்தில். பாப்பா என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் அம்மாச்சி பக்கம் போய்விட்டாள். "அம்மாச்சி சொல்றது பாயிண்ட்தான் மாமா. சும்மா நாள்லயும் நிக்குது, சரி. ஆனா கிரகணத்தன்னைக்கு ஈசியா நிக்குதான்னு நமக்குத் தெரியாதுல்ல?"

அன்று மத்தியானம் டேப் எடுத்து உலக்கையை அளந்தோம். நீளம் நாலரை அடி, அதாவது 137 செ.மீ. அடியில் பூண் போட்ட இடத்தில் அகலம் 6 செ.மீ. இரும்புப் பூண் தேய்ந்து தேய்ந்து தட்டையாகியிருந்தது. ஒரு பொருளின் எடை எல்லாம் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளியிலிருந்து நேர்கீழே இறக்கிய கோடு அடிப்பாகத்துக்குள் விழுகிற வரை அது சாயாது. இந்த உலக்கைக்கு அந்தப் புள்ளி ஏறக்குறைய நடுவில். அது 3 செ.மீ. வரை நகரலாம். அப்படியென்றால் உலக்கையின் தலை 6 செ.மீ. வரை ஒரு பக்கம் சாய்ந்தாலும் அடி மீண்டும் தரையில் படிந்துவிடும். பூண் கீழே கனமாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் சலுகை. பார்க்கத்தான் கம்பி மேல் நடக்கிற வித்தை. கை நடுங்காமல் விடத் தெரிந்தால் போதும்.

"கிரகணத்தன்னைக்கு சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுக்குதுன்னு சொல்றாங்களே?" என்றாள். இதற்கு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், ரொம்ப வருடத்துக்குப் பிறகு. கடல் ஏறி இறங்குவதற்குக் காரணமான அந்த இழுப்பு, பூமியின் இழுப்போடு ஒப்பிட்டால் கோடியில் ஒன்றிரண்டு பங்கு. நாலு கிலோ உலக்கையின் எடையில் அது ஒரு மில்லிகிராம்கூட வராது. ஒரு சீனிப் பரல் உலக்கை மேல் உட்கார்ந்து எழுந்த மாதிரி. அதுவும் கிரகணத்துக்கு மட்டும் இல்லை, ஏறக்குறைய எல்லா அமாவாசைக்கும் எல்லாப் பௌர்ணமிக்கும் உண்டு.

கணக்கைக் காட்டியபோது பாப்பா தலையாட்டினாள். ஆனால் அவளாகவே சொன்ன காரணம் என் கணக்கைவிட நன்றாக இருந்தது. "மாமா, நேத்து ஒம்பதரைக்கு சூரியன் அந்த வேப்பமரத்துக்கு மேல சாய்வா இருந்துச்சு. இழுத்தா அங்கிட்டுத்தான இழுக்கணும்? உலக்கை தென்கிழக்க சாஞ்சுல்ல விழுந்திருக்கணும்? எதுக்கு நேரா நிக்குது?"

நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை. நான் நிச்சயமாகக் கேட்டதில்லை.

அடுத்த சூரிய கிரகணம் 2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. வடக்கே வளையம், நம் பக்கம் சூரியனில் ஒரு துண்டு மட்டும் மறைந்தது. அது ஊரடங்கு காலம். மார்ச்சில் அம்மாச்சி வீட்டுக்குப் போன பாப்பா அங்கேயே மாட்டிக்கொண்டாள். நான் மதுரையில். எல்லாம் போனில்தான்.

இந்தத் தடவை எண்ணுவது என்று முடிவு. எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது என்பதில் பாட்டிக்கும் பேத்திக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை. உலக்கையைப் பிடித்து நிறுத்திக் கையை எடுத்தால் ஒரு தடவை. விழுந்தால் அடுத்த தடவை. பத்து எண்ணுகிற வரை நின்றால் நின்றதாகக் கணக்கு. முந்தின நாள் ஐந்து முறை நிறுத்துவது, கிரகணத்தன்று ஐந்து முறை, மறுநாள் ஐந்து முறை. நிறுத்துவது பாப்பா, எண்ணுவது அம்மா. விரல் விட்டு எண்ணுவதில் அம்மாவை யாரும் ஏமாற்ற முடியாது; பால் கணக்கு எழுதிய கை.

சோழவந்தானுக்குப் பக்கத்தில் வைகைக்கரையில் திருவேடகம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சம்பந்தரும் சமணரும் வாதம் செய்து, அவரவர் ஏட்டை ஆற்றில் விட்டபோது சம்பந்தர் ஏடு எதிரேறிப் போய்ச் சேர்ந்த இடம் என்பது தலபுராணம். கதையை யாரும் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அதில் பிடித்த இடம் ஏடு எதிரேறியது இல்லை. விடுவதற்கு முன்பே, எது நடந்தால் யார் தோற்றார்கள் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது. ஆற்றில் விட்ட பிறகு விதியை மாற்ற முடியாது.

கிரகணத்துக்கு முந்தின நாள் கணக்கு வந்தது: 9, 14, 6, 11, 8. மொத்தம் 48 தடவை.

கிரகணத்தன்று: 5, 3, 7, 4, 2. மொத்தம் 21.

அம்மா போனில் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. "பாதிகூட இல்ல பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல?" பாப்பா பேசவில்லை. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் அந்தப் பேப்பரை மறைத்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. உலக்கை சரியாகப் பிடிபடவில்லை, தாம்பாளத்தை மாற்றிப் பண்ணலாம் என்றெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள்தான், "நாளைக்கும் இருக்குல்ல மாமா" என்று போனை வைத்தாள்.

மறுநாள்: 4, 3, 2, 5, 3. மொத்தம் 17.

கை பழகிவிட்டது, அவ்வளவுதான். முதல் நாள் அவளுக்கு உலக்கை பிடிக்கத் தெரியவில்லை. இரண்டாம் நாள் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். மறுநாள் கணக்கு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால், முந்தின நாளையும் கிரகணத்தன்றையும் மட்டும் பார்த்து, ஒழுங்காக எண்ணி, ஒழுங்காக எழுதி, ஒழுங்காகத் தப்பான முடிவுக்கு வந்திருப்போம்.

அம்மா விடுகிற ஆள் இல்லை. "அப்ப கிரகணத்துக்கு முந்தின நாள்தான் உலக்கைக்கு ஆகாத நாளு" என்றார். கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாப்பா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த அமாவாசை வரை தினம் நிறுத்திப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்றே வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் பாவம்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் உலக்கையைப் பற்றி இல்லை, என் கடையைப் பற்றி.

எங்கள் கடைக்குச் சப்மெர்சிபிள் மோட்டார் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் நீரோட்டம் பார்த்து போர் போட்டவர்கள். நீரோட்டம் பார்க்கிறவர்கள் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார்கள், நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பார்கள். சிலர் வேப்பங்கவட்டை வைத்துப் பார்ப்பார்கள். மேலூர் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றி எத்தனையோ வாடிக்கையாளர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்: அவர் கை வைத்தால் தண்ணீர்தான், தப்பினதே இல்லை. உலக்கையை மூடநம்பிக்கை என்ற நான் இதை அப்படிச் சொன்னதில்லை. ஒருவர் இருவர் இல்லையே, இத்தனை பேர் வந்து சொல்கிறார்களே. காசு கொடுத்து போர் போட்டவர்கள் பொய்யா சொல்வார்கள்?

பாப்பா பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்திருந்தாள். இதையெல்லாம் அவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மோட்டார் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தவள், சாதாரணமாகக் கேட்டாள்:

"மாமா, தண்ணி வராத போருக்கு யாராச்சும் மோட்டார் வாங்க வருவாங்களா?"

இருபத்திரண்டு வருடம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

போர் போட்டு வெறும் புழுதி பறந்தவன் எதற்கு என் கடைக்கு வரப்போகிறான்? அவன் அடுத்த கடனுக்கு அலைந்துகொண்டிருப்பான். என் வாசலுக்கு வருகிற ஒவ்வொருவனும் தண்ணீர் கண்டவன். நான் கேட்ட அத்தனை சாட்சியும் உண்மை, ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் அந்தச் சாட்சிகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கடையின் வாசல்படியே ஒரு சல்லடை.

அதோடு விடவில்லை அவள். "தண்ணி இல்லைன்னு அவர் சொன்ன எடத்துல யாராவது போர் போட்டுப் பாத்தாங்களா?" இது அம்மாச்சி உலக்கையேதான், வேறு வேடத்தில். நம் பக்கம் பாறை நிலம். தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் ஓடுகிறது. ஐந்நூறு, அறுநூறு அடி இறக்கினால் ஏதாவது ஒரு வெடிப்பில் கொஞ்சமாவது கசியும் வாய்ப்பு பல இடங்களில் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்து விழுந்த இடத்தில் போட்டால் பத்துக்கு எத்தனை என்பது தெரியாமல், தேங்காய் வைத்துப் போட்டதில் பத்துக்கு எத்தனை என்பதை மட்டும் வைத்து என்ன செய்வது?

தெரிந்த போர்வண்டிக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் வந்ததையும் வராததையும் இரண்டையும் பார்க்கிற ஒரே ஆள் அவர்தானே. அவர் சிரித்தார். "எனக்கு அடிக்கு இவ்வளவுன்னு காசு சார். தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன? அதையெல்லாம் யாரு எழுதி வைக்கிறா?" ஆக, தேங்காய் பலிக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. முன்பு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் நியூட்ரினோ பேச்சு மறுபடி சூடானது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்குள் சுரங்கம் வெட்டி, நியூட்ரினோ என்கிற அந்த நுண்துகளைப் பிடிக்க 50,000 டன் இரும்பில் கருவி வைப்பதாகத் திட்டம். 2022 பிப்ரவரியில், புலிகள் நடமாடும் வழித்தடம் அது, அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் உறவுக்காரர் ஒருவர், நியூட்ரினோ பாய்ந்தால் புல்கூட முளைக்காமல் போய்விடும் என்கிற ரீதியில் பேச, பாப்பா பிடித்துக்கொண்டாள். சூரியனிலிருந்து ஒவ்வொரு விநாடியும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6,000 கோடிக்கும் மேல் நியூட்ரினோ நம் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகிறது, இப்போது பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் போகிறது, 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் நியூட்ரினோவைப் பிடித்திருக்கிறார்கள் என்று வெளுத்து வாங்கினாள். அவர் வாயடைத்துப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் முகம் சரியில்லை. செக்கானூரணி தாண்டிய பிறகு சொன்னாள். "அவர் கடைசியா ஒன்னு கேட்டார் மாமா. பாறைய வெடி வச்சு ஒடைக்கிறாங்களே, காடு என்ன ஆகும், புலி என்ன ஆகும்னு. நான் அதுக்கும் நியூட்ரினோ ஒன்னும் செய்யாதுன்னே பதில் சொல்லிட்டேன். அது வேற கேள்வில்ல? நியூட்ரினோ ஒன்னும் செய்யாதுங்கிறதுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு. வெடி ஒன்னும் செய்யாதுங்கிறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

"அவருக்கும்தான் தெரியாது" என்றேன்.

"அவருக்குத் தெரியாதுங்கிறது எனக்கு ஆதாரமா மாமா?"

அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நாகமலை இருட்டில் கூடவே வந்துகொண்டிருந்தது.

இப்போது அவள் மதுரையில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, 2031 மே 21 அன்று தென்னிந்தியாவுக்கு மேல் மறுபடி ஒரு வளையக் கிரகணம் வருகிறது என்று அம்மாச்சியிடம் சொன்னாள். இந்தத் தடவை நிறுத்துகிற ஆளுக்கே அன்று கிரகணம் என்று தெரியக்கூடாதாம், அதற்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். கிரகணம் தெரியாத ஓர் ஆளை இந்தச் சீமையில் எங்கே போய்ப் பிடிப்பது என்று நான் கேட்டேன்.

அம்மா எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. விரல் மடக்கி வருடத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து உலக்கையை எடுத்து, அடியைத் தடவிப் பார்த்தார்.

"அதுவரைக்கும் செல்லு அரிக்காமப் பாத்துக்கணும்" என்று வேப்பெண்ணெய்ப் பாட்டிலைத் தேடப் போனார்.